ஏரிக்கு இரண்டு செங்கல்

தாழையாத்தூர் ஏரிப் பாசனச் சங்கத்துக்கு நிர்வாகிகள் நால்வர்: தலைவர் காளத்தி, செயலர் உத்தண்டராமன், கொத்தனார் மாசிலாமணி, உறுப்பினர் சடையப்பன். ஊரார் இவர்களை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்; வேலை எதுவும் இல்லாதவர்கள் அன்று ஊரில் இந்த நால்வர்தாம். சங்கத்துக்கு மூளையும் ஒன்று உண்டு. அது எழுத்தர் பூங்கோதையிடம் இருந்தது.

ஏரியின் மதகுக் கதவு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் ஓயாமல் வீணாக வெளியேறிக்கொண்டிருந்தது. புதுக் கதவு போடாவிட்டால் கடைமடைப் பயிர் கதிர் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். அதிலும் முதலில் காயக்கூடியது பூங்கோதையின் ஒன்றரை ஏக்கர். பாசனத் துறையின் செயற்பொறியாளர் வியாழக்கிழமை வந்து, விளக்கத்தைப் பார்த்து, அன்றே முடிவு சொல்வதாக இருந்தது.

பூங்கோதை கணினியில் ஒரு மனவரைபடம் போட்டாள். நடுவில் ‘மதகு’ என்று ஒரு வட்டம். அதைச் சுற்றிப் பழுது, பயிர், வேண்டுகோள் என்று கிளைகள். பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் அதை முப்பது ஸ்லைடுகளாக மாற்றிக் கொடுத்தது. மாற்றிக் கொடுக்குமே தவிர, அது ஒழுங்குபடுத்தாது. தலைப்பு ஒன்று உச்சியில் நின்றது, இன்னொன்று ஓரத்தில் ஒதுங்கியிருந்தது, எழுத்தோ கடுகளவு. சரிசெய்வதற்குள் அண்ணன் திருமணம் வந்துவிட்டது. மூன்று குறிப்புகளைத் தாளில் எழுதி வைத்து, “சந்தேகம்னா உடனே போன் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாரும் போன் பண்ணவில்லை. சந்தேகம் வருவதற்கும் ஓரளவு அறிவு வேண்டும்.

முதல் குறிப்பை உத்தண்டராமன் உரக்க வாசித்தார்: ‘ஒரு ஸ்லைடில் ஒரு கருத்துக்கு மேல் இருக்கக் கூடாது.’

“தலைவரே, ‘கதவு ஓட்டை, புதுக் கதவு வேண்டும்’னு இருக்கு. இது எத்தனை கருத்து?”

“எண்ணிப் பாருய்யா.”

விரல் விட்டு எண்ணினார். “ரெண்டு.”

“ஒண்ணைத் தூக்கு.”

“எதைத் தூக்க?”

காளத்தி கண்ணை மூடி யோசித்தார். “வர்றவங்க பெரிய அதிகாரி. வந்ததும் வராததுமா அது வேணும் இது வேணும்னு கேட்டா நல்லாவா இருக்கும்? கேக்கறதைத் தூக்கு. ஓட்டை இருக்கட்டும்.”

இவ்வாறு வேண்டுகோள்கள் அனைத்தும் மரியாதை கருதி நீக்கப்பட்டன. கடைசி ஸ்லைடில் ஏரியின் புகைப்படம் இருந்தது. அதில் கருத்து எதுவும் தென்படாததால் அதை மட்டும் தொடாமல் விட்டார்கள்.

இரண்டாம் குறிப்பு: ‘கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எழுத்துத் தெரிய வேண்டும்.’

மண்டபத்தில் பன்னிரண்டு வரிசை நாற்காலிகள் கிடந்தன. சடையப்பன் கடைசி வரிசையில் அமர்ந்து, தெரியவில்லை என்றார்.

“எழுத்தைப் பெருசாக்கலாமா?” என்றார் மாசிலாமணி.

“எதுக்குய்யா வீண் வேலை? வரிசையை முன்னால கொண்டா” என்றார் காளத்தி.

கடைசி வரிசையை முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் வேறொரு வரிசை கடைசியாக இருந்தது. அதையும் கொண்டுவந்தார்கள். பின்னால் இன்னொன்று இருந்தது. பொழுது சாயும் வரை தூக்கிய பிறகு சடையப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தலைவரே, கடைசி வரிசை முளைச்சுக்கிட்டே இருக்கு.”

“அப்ப எல்லாத்தையும் வெளியில போடு. அதிகாரியம்மாவுக்கு ஒரே ஒரு நாற்காலி போதும்.”

“அந்த ஒண்ணு முதல் வரிசையா, கடைசி வரிசையா?”

“அதிகாரி உக்காந்தா முதல் வரிசை. நாம உக்காந்தாத்தான் அது கடைசி.”

இந்தத் தெளிவில் நால்வரும் மெய்மறந்து சற்று நேரம் நின்றார்கள்.

மூன்றாம் குறிப்பு: ‘தலைப்புகள் எல்லாம் மட்டமாக இருக்க வேண்டும்.’

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. “இது நம்ம வேலை!” என்று பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி என்று காட்டும் கொத்தனார் கருவி அது. மானிட்டரின் கண்ணாடிமேல் அவர் அதை வைத்துப் பிடிக்க, குமிழி நடுவுக்கு வரும் வரை ஒவ்வொரு தலைப்பையும் வரியையும் உத்தண்டராமன் திருப்பினார். வேலை பழுதில்லாமல் முடிந்தது. மானிட்டரின் இடது கால் ஒடிந்து, அது எட்டு மாதமாகச் சாய்ந்தே நிற்பதை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

வியாழன் காலை புரொஜெக்டரைப் போட்டார்கள். சுவரில் எல்லாத் தலைப்பும் வலப்பக்கம் சரிந்திருந்தது.

“சுவரு சாஞ்சிருக்கு” என்றார் உத்தண்டராமன்.

“யோவ், அது நான் கட்டின சுவரு!”

“அதனாலதான் சொல்றேன்.”

ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். சுவர் செங்குத்தாகவே நின்றது. மாசிலாமணிக்கே அது வியப்பாக இருந்தது.

காளத்தி தீர்ப்புச் சொன்னார்: “தலைப்புல தப்பில்லை, நேத்தே அளந்தாச்சு. சுவருலயும் தப்பில்லை. அப்ப பாக்கறவங்கதான் கோணலா உக்காந்திருக்காங்க.”

ஆகவே அந்த ஒற்றை நாற்காலியின் இடது கால்கள் இரண்டின் அடியிலும் காலுக்கொரு செங்கல் வைத்தார்கள். சடையப்பன் ஏறி உட்கார்ந்து, “ஆகா, எல்லாம் நேரா இருக்கு!” என்று கூவியபடியே வலப்பக்கமாகக் கீழே விழுந்தார்.

பதினொரு மணிக்கு வந்த செயற்பொறியாளர் பொறுமைசாலி. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஓட்டையைப் பற்றிய இருபத்தொன்பது ஸ்லைடுகளையும் பார்த்தார்.

“சரிங்க, ஓட்டை புரியுது. இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?”

“எங்களுக்கு ஒண்ணும் வேணாங்கம்மா. நீங்க வந்ததே போதும்” என்று காளத்தி கைகூப்பினார்.

அப்போதுதான் முப்பதாவது ஸ்லைடு வந்தது. சாய்ந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஏரி இடப்பக்கம் சரிந்து தெரிந்தது.

“ஏரி ஏன் இப்படிச் சாஞ்சிருக்கு?”

காளத்தி குனிந்து, அவர் தலையை ஒட்டித் தன் தலையையும் சாய்த்துப் பார்த்துத் திடுக்கிட்டார். “அட, ஆமாங்கம்மா! அதனாலதான் தண்ணி நிக்காம ஓடுது போல!”

செயற்பொறியாளர் நாற்காலியிலிருந்து கவனமாக இறங்கினார். கீழே இருந்த செங்கற்களைப் பார்த்தார். கோப்பை மூடினார்.

“அப்படின்னா ஏரிக்கும் ரெண்டு செங்கல் வைங்க.”

ஜீப் புறப்பட்டுப் போயிற்று.

“உத்தரவு ஆயிடுச்சு!” என்று காளத்தி துண்டைச் சுழற்றினார். “எழுதிக்கய்யா, ரெண்டு செங்கல்!”

சனிக்கிழமை பூங்கோதை பேருந்திலிருந்து இறங்கி நேராக ஏரிக்கு ஓடினாள். நால்வரும் முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தார்கள். தண்ணீரில் ஒரு பலகை மிதந்தது. அதன்மேல் ரசமட்டம் இருந்தது.

“வாம்மா, வா! இடப்பக்கக் கரையோரமா ரெண்டே செங்கல். குமிழி நடுவுல நிக்குது பாரு. எந்த மூலையில வச்சாலும் மட்டம்!” என்றார் மாசிலாமணி.

பூங்கோதை மதகைக் காட்டினாள். “அண்ணே, தண்ணி போய்க்கிட்டே இருக்கே! ஏரி குறையுதே!”

காளத்தி குனிந்து ரசமட்டத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“குறையட்டுமேம்மா. முன்ன மாதிரியா? இப்ப எல்லாப் பக்கமும் சமமாத்தானே குறையுது!”