முந்நூற்று அறுபத்தைந்து கேத்திகள்

“பெரியவர் செத்த பிறகு, அவருக்குப் பதிலாப் பொம்மைங்க வயல்ல இறங்குமாம். அதுங்களுக்கு வாய்க்கால் வெட்ட யாருடீ கத்துக் கொடுத்தது?”

நாணல் மறைவில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இப்படிக் கேட்டாள். மற்றவள் சிரித்தாள். பல்லக்கில் போய்க்கொண்டிருந்த கேத்தியின் காதில் அது விழுந்தது.

கேளுங்கள். நைல் நதி ஆண்டு தவறாமல் பெருகி வடிந்த பழைய எகிப்தில், கேத்தி பெரிய நிலக்கிழார். அந்நாட்டு மக்கள் இறந்தபின் மேற்கே ஒரு நாட்டுக்குப் போவார்கள் என்று நம்பினார்கள். அங்கும் வயல் உண்டு. ஒசிரிஸ் என்ற தெய்வம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வேலைக்கு அழைப்பார். போகாதவருக்கு அங்கே சோறு இல்லை. அதனால் செல்வர்கள் தங்கள் முகமும் பெயரும் கொண்ட சிறு பொம்மைகளைக் கல்லறையில் வைத்துக்கொள்வார்கள். நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து. அழைப்பு வந்தால் பொம்மை எழுந்து போகும்.

கேத்திக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. பொம்மை வேலை செய்யாவிட்டால்?

முதல் கைவினைஞனிடம் போனார். “வாயில் பொன் பூசினால் வேலை செய்யும்” என்றான் அவன். இரண்டாமவனிடம் போனார். “முழ உயரம் செய்தால் வேலை செய்யும்” என்றான் அவன். கேத்தியின் மனம் ஆறவில்லை. மூன்றாவதாகத் தாமித் என்பவளிடம் போனார்.

தாமித் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

“பிடித்து நில்லுங்கள் ஐயா.”

“நான் எதற்கு?”

“முகம் உங்களுடையது, பெயர் உங்களுடையது. கை மட்டும் யாருடையது?”

கேத்தி வாங்கிக்கொண்டார். தாமித் களிமண்ணைப் பிசைந்தாள், வனைந்தாள், மெருகுப் பூச்சுத் தடவிச் சூளையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் சூளை திறந்தது. சாம்பல் நிறத்தில் போன களிமண் விடியற்கால வானத்தின் நீலத்தில் வெளியே வந்தது. விரல் நீளத்தில் அவரே நின்றார். அதே மூக்கு, அதே தடித்த கழுத்து, கண்ணில் அதே அதிகாரம். தொடவே அவருக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கைகளைப் பார்த்தார். மண்வெட்டியின் அலகைத் தரையில் ஊன்றி, காம்பின் நுனியில் இரு கையும் வைத்து, கைத்தடிபோல் அதில் சாய்ந்து நின்றது பொம்மை.

“இது வேலை செய்கிற மாதிரி இல்லையே?”

“இல்லை ஐயா. வேலையை வேடிக்கை பார்க்கிறது. நீங்கள் நின்றது அப்படித்தான். நாளை இதிலிருந்துதான் அச்சு எடுப்பேன். மற்றவை எல்லாம் இதே மாதிரி வரும்.”

கேத்தியின் கண்முன் அந்த வயல் விரிந்தது. எல்லையில்லாத பச்சை. தெய்வத்தின் குரல் அழைக்கிறது. வரப்பு நெடுக முந்நூற்று அறுபத்தைந்து கேத்திகள், நீலநீலமாக, மண்வெட்டியில் சாய்ந்தபடி, அடுத்தவன் இறங்கட்டும் என்று காத்து நிற்கிறார்கள். ஒருவனும் இறங்கவில்லை.

அவர் பொம்மையை விட்டுப் பின்வாங்கினார்.

“அச்சு எடுக்காதே” என்றார்.

வெள்ளம் வடிந்ததும் தம் வயலுக்கு நடந்தே போனார். “ஐயாவுக்கு வெயில் ஆகாதே” என்று ஆட்கள் வாய்க்குள் சிரித்தார்கள். முதல் நாள் கால் சேற்றில் புதைந்தது. இரண்டாம் நாள் கை கொப்பளித்தது. மூன்றாம் நாள், “மண்வெட்டியை உங்கள் பக்கம் இழுங்கள் ஐயா, சேறு தானே வரும்” என்றாள் ஒருத்தி. இழுத்தார், வந்தது. அறுவடை வரை அவர் பல்லக்கில் ஏறவில்லை.

தன் கை அறியாத வேலையைத் தன் பெயர் தாங்கிய பொம்மையும் அறியாது.

அறுவடை முடிந்து கேத்தி சூளைக்கு வந்தார். தாமித் மண்வெட்டியை நீட்டினாள். அவர் அதை வாங்கி, குனிந்து, வாய்க்கால் வெட்டுவதுபோல் ஓங்கி நின்றார். தாமித் நீலப் பொம்மையை உரலில் போட்டு இடித்துவிட்டு, புதிய களிமண்ணை நனைத்தாள்.