சரியாக எழுபது

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கல்லூரி ஒன்றில் முத்துப்பேச்சி என்று ஒரு பெண் படித்தாள். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. வானிலைப் பாடத்தில் அவள் வாங்கியது சரியாக எழுபது. எழுபதுக்குக் கீழே வாங்கியவர்கள் தனியாக விமானம் ஓட்டக் கூடாது என்பது அங்கே விதி. மறுநாள்தான் தனியாகப் பறக்கும் நாள். அதை விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

முதல்வர் கேப்டன் ரங்கபாஷ்யம் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

"எழுபதைத் தாண்டணும்மா. எழுபதிலேயே நின்னா அது கீழேதான். உனக்கெங்க விதி புரியப்போகுது!"

"சரிங்க சார்" என்றாள். ஆனால் நகரவில்லை. "ஊர் மேல பறக்கிறப்போ ஆயிரம் அடிக்குக் கீழே வரக் கூடாதுன்னும் விதி இருக்கே சார். நேத்து நீங்க கீழே வந்துட்டீங்கன்னு எங்க ஊரே பேசுது."

கேப்டனின் மீசை துடித்தது.

"எவன் சொன்னான்? உயரம் காட்டுற மீட்டர்ல சரியா ஆயிரம் அடி இருந்தது. ஆயிரம்னா ஆயிரம்! அது எப்படிக் கீழே ஆகும்?"

"அதானே சார்!" என்று முத்துப்பேச்சி மதிப்பெண் தாளை நீட்டினாள்.

சுற்றி நின்ற மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் பேனாவை எடுத்து அவள் பெயரைத் திரும்ப எழுதினார்.

"அடுத்த தடவை எழுபத்தொண்ணு வாங்கும்மா."

"வாங்கிடறேன் சார். நீங்களும் ஆயிரத்தொரு அடியிலயே வாங்க."