பெருச்சாளி வீட்டு இருவாச்சி

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு பெருச்சாளிக்கும் ஓர் இருவாச்சிக்கும் ஒரே மாதத்தில் வீடு இல்லாமல் போனது.

பெருச்சாளியின் வளைக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. அதன் மனைவியும் ஏழு குட்டிகளும் ஒரு புதருக்கடியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இருவாச்சி வருஷா வருஷம் கூடு வைக்கும் மரம் காற்றில் சாய்ந்துவிட்டது.

இருவாச்சிகள் கண்ட இடத்தில் முட்டையிடுவதில்லை. உயரமான மரத்தில் ஒரு பொந்து வேண்டும். தாய்ப்பறவை அதற்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் மிச்சமிருக்கும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். குஞ்சு வளரும்வரை இப்படித்தான். பொந்து இல்லையென்றால் அந்த வருஷம் குஞ்சு இல்லை. இருவாச்சி முட்டையிட இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அந்தக் காட்டில் வீடு ஒதுக்கித் தருவது கரடியின் அலுவலகம். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. விண்ணப்பத்தை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு விண்ணப்பம். அன்றைக்குக் கடைசி நாள்.

அதனால் இரண்டும் நூலகத்துக்கு வந்தன.

நூலகத்தில் கணினி ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டது ஓர் அழுங்கு. உடம்பு முழுக்கச் செதில் கொண்ட, கூச்சம் மிகுந்த பிராணி. யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். பேசுவதற்குக் கூச்சப்பட்டே சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தது. பதினொரு விதிகள். அழகான கையெழுத்து. ஆனால் பலகையை ஒருவரும் படித்ததில்லை.

ஆளுக்கு அரைமணி நேரம். முதல் முறை பெருச்சாளிக்கு. அது நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஓர் இலையில் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டை வாய்விட்டுப் படித்தபடியே தட்டியது. “ம... ர... வ... ள்... ளி... ஏழு.”

ஜன்னல் கம்பியில் ஒரு கருங்குரங்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நூலகத்தில் எந்த வேலையும் இல்லை. தினமும் வரும்.

பெருச்சாளி தன் பெயரை எழுதியது. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்பது என்று எழுதியது. ‘எப்படிப்பட்ட வீடு வேண்டும்?’ என்ற கட்டத்துக்கு வந்தபோது அரைமணி நேரம் முடிந்து மணி அடித்தது.

“சரி, பசிக்குது. போய் ஒரு கிழங்கைக் கடிச்சிட்டு வந்து மிச்சத்தை எழுதிக்கிறேன்” என்று இறங்கியது.

“மூடிட்டுப் போகலையா?” என்றது குரங்கு.

“எதை?”

“நீ திறந்ததை.”

“வாசலை மூடுற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாதுப்பா. மூடிட்டா திரும்ப எப்படி உள்ள வர்றது?” என்று சொல்லிவிட்டுப் பெருச்சாளி போய்விட்டது.

அடுத்த முறை இருவாச்சிக்கு. இருவாச்சி இதுவரை கணினியைத் தொட்டதில்லை. இறக்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, பெரிய அலகைச் சாய்த்துத் திரையைப் பார்த்தது. ‘வணக்கம், பெருச்சாளி!’ என்று மேலே எழுதியிருந்தது.

ஓகோ, இந்த இயந்திரத்தின் பெயர் பெருச்சாளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. பதிலுக்கு மரியாதையாக, “வணக்கம் பெருச்சாளி” என்றது.

அப்புறம் மற்றக் கட்டங்களைப் பார்த்தது. எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ‘குடும்பத்தினர்: ஒன்பது’ என்று இருந்தது. நாங்கள் இரண்டு பேர்தானே என்று கொஞ்சம் குழம்பியது. இத்தனை வருஷத்துக் குஞ்சுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டம். அதில் அலகால் ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தியது.

‘உயரமான மரத்தில் பொந்து. வாசல் குறுகலாக இருக்க வேண்டும்.’

அனுப்பும் பொத்தானை அழுத்தியது. எதையும் அடைத்துவிட்டுப் போவதுதான் அதன் பழக்கம் என்பதால், பக்கத்தை நன்றாக மூடிவிட்டுப் பறந்துபோனது.

அதன் ஜோடியான ஆண் இருவாச்சி அத்திமரத்தில் காத்திருந்தது.

“நம்ம பேரை எழுதினியா?”

“எழுதவே வேண்டியிருக்கலைங்க. எல்லாம் தயாரா இருந்துது.”

“நம்ம பேர் அதுக்கு எப்படித் தெரியும்?”

“இன்டர்நெட்டுக்கு எல்லாம் தெரியும்னு சொல்றாங்களே.”

ஆண் பறவைக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தனக்குத் தெரியாத விஷயம் என்பதால் பழம் தேடப் போய்விட்டது.

மாலையில் பெருச்சாளி திரும்பி வந்தது. இலையைப் பார்த்து மறுபடி பாஸ்வேர்டைத் தட்டியது. ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று திரையில் வந்தது.

“நான் இன்னும் அனுப்பவே இல்லையே?” என்று தலையைச் சொறிந்தது. கொஞ்சம் யோசித்தது. “நான் வர நேரமாகுதுன்னு அதுவே அனுப்பிடுச்சு போல. நல்ல மெஷின்” என்று மெச்சிக்கொண்டு புதருக்குப் போனது.

ஐந்து நாள் கழித்துக் கரடியின் அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. பெருச்சாளி மனைவியையும் ஏழு குட்டிகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு, ஆணையில் இருந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒரு தான்றி மரம் நின்றது. ஒன்பது பேரும் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். வளை எங்கும் இல்லை.

“நல்லாப் படிங்க” என்றது மனைவி.

பெருச்சாளி படித்தது. “தான்றி மரம். நாற்பத்தைந்து அடி உயரம். பொந்து.”

ஒன்பது தலைகளும் மெல்ல மேலே நிமிர்ந்தன.

“அப்படியா எழுதினீங்க?”

“நான் எதுவுமே எழுதலைடி.”

“எதுவும் எழுதாமலே இவ்வளவு உயரமா?”

பெருச்சாளி மரத்தில் ஏறப் பார்த்தது. மூன்று முறை ஏறி மூன்று முறையும் வேரில் விழுந்தது.

“ஏறுங்க, ஏறுங்க” என்றது மனைவி. “மேல போய்ச் சேர்ந்ததும் எங்களுக்கு ஒரு கயிறு விடுங்க.”

அதே நேரத்தில் இருவாச்சி ஜோடி அங்கே பறந்து வந்தது. ஐந்து நாளாக அவற்றுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. காலியாக ஒரு பொந்து தெரிந்ததும் பெண் பறவை நேராக அதன் வாசலில் போய் உட்கார்ந்தது.

“அம்மா, இறங்குங்க. அது எங்க வீடு” என்றது கீழே இருந்து பெருச்சாளி.

“உங்க வீடா? நீங்க இங்க வந்து என்ன பண்ணுவீங்க?”

“அது எங்களுக்கே தெரியலை. ஆனா ஆர்டர் என் பேர்ல இருக்கு.”

ஆண் இருவாச்சி இறங்கி வந்து ஆணையை வாங்கிப் படித்தது. அடியில் விண்ணப்பத்தில் கேட்டதும் அப்படியே இருந்தது. ‘உயரமான மரத்தில் பொந்து. வாசல் குறுகலாக இருக்க வேண்டும்.’ படித்துவிட்டு மனைவியைப் பார்த்தது. மனைவியும் இறங்கி வந்து ஆணையைப் பார்த்தது. அப்போதுதான் அதற்கு விஷயம் புரிந்தது.

“ஐயோ, அந்த மெஷின் பேர் பெருச்சாளி இல்லையா?”

“அது என் பேரும்மா” என்றது பெருச்சாளி.

சேதி புரிந்துவிட்டது. வழிதான் யாருக்கும் புரியவில்லை. இருவாச்சி சும்மா குடியேறவும் முடியாது. பெயர் இல்லாதவர் குடியிருந்தால் கரடியின் ஆளாகிய கழுகு வந்து காலி செய்துவிடும். வாசலை அடைத்து முட்டையிட்ட பிறகு காலி செய்தால் முட்டைகள் போய்விடும். பெருச்சாளி ஆணையைத் திருப்பிக் கொடுத்தாலும் பொந்து இருவாச்சிக்கு வராது. பட்டியலில் அடுத்து இருக்கும் பறக்கும் அணிலுக்குப் போய்விடும். பெருச்சாளிக்கோ அடுத்த வருஷம்வரை புதர்தான். ஆணையில் திருத்தம் கேட்க அன்று மாலைவரைதான் நேரம். முட்டைக்கு இன்னும் ஐந்து நாள்.

எல்லோரும் நூலகத்துக்கு ஓடினார்கள்.

“யார் மேல தப்பு? முதல்ல அதைச் சொல்லு!” என்று பெருச்சாளி உள்ளே நுழையும்போதே கத்தியது.

அழுங்கு சுருண்டுகொண்டது.

“போச்சு” என்றது ஜன்னலில் இருந்த குரங்கு. “அது விரியறதுக்குள்ள முட்டை வந்துடும்.”

எல்லோரும் அந்தச் செதில் பந்தைச் சுற்றி நின்றார்கள். பிறகு பந்துக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

“நான் பார்த்தேன்.”

“எதைப் பார்த்தே?”

“நீங்க மூடாம எழுந்து போனதை. அந்தம்மா அதுல உட்கார்ந்ததை.”

இருவாச்சி பந்துக்கு நேரே குனிந்தது. “பார்த்துட்டா பேசாம இருந்தே?”

“எழுந்து போறவங்க தங்கள் பக்கத்தை மூடணும்னு ஐந்தாம் விதி. அடுத்தவங்க பக்கத்தைத் தொடக் கூடாதுன்னு ஆறாம் விதி. அடுத்தவங்க திரையை எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு ஏழாம் விதி. நான் பார்த்ததே தப்பா, நீங்க தொட்டது தப்பா, எதை முதல்ல சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க.”

“‘அது உன் பேர் இல்லம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“இங்கே பேசக் கூடாதுன்னு ஒன்பதாம் விதி.”

பெருச்சாளியின் மனைவி பந்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “சரிம்மா, போனது போகட்டும். திருத்தத்துல என்னென்ன மாத்தலாம்? அதை மட்டும் சொல்லு” என்று தணிவாகக் கேட்டது.

பந்து கொஞ்சம் விரிந்தது. மூக்கு மட்டும் வெளியே வந்தது.

“பேரை மாத்த முடியாது. வீட்டை மாத்த முடியாது. குடும்பத்துல ஆள் சேர்க்கலாம். அவ்வளவுதான்.”

பெருச்சாளியின் மனைவி இருவாச்சியை நிமிர்ந்து பார்த்தது. “எங்க குடும்பத்துல சேர்ந்துக்கிறீங்களா?”

இருவாச்சி திடுக்கிட்டது. காட்டிலேயே உயரத்தில் வாழ்கிற பறவை அது. கொண்டையையும் அலகையும் பார்த்து ஊரே அண்ணாந்து நிற்கும். “நானா? பெருச்சாளிக் குடும்பத்துலயா?”

“காகிதத்துல மட்டும்தானே” என்றது ஆண் பறவை மெதுவாக. “ஐந்து நாள்தான் இருக்கு.”

இருவாச்சி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியது.

பெருச்சாளி கணினியின் முன்னால் ஏறி உட்கார்ந்தது. தட்டப் போன கை அப்படியே நின்றுவிட்டது. “அந்த இலை எங்கே?”

கடைசிக் குட்டி தலையைக் குனிந்துகொண்டது. அது அந்த இலையை முந்தாநாளே தின்றுவிட்டது.

“பாஸ்வேர்டு ஞாபகம் இல்லையா?” என்று கேட்டது ஆண் இருவாச்சி.

“ஞாபகம் இருந்தா எதுக்கு எழுதி வைக்கிறேன்?”

“மரவள்ளி ஏழு” என்றது குரங்கு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீதானே கூவிக்கூவித் தட்டினே. அன்னிக்கு ஜன்னல்ல இருந்த கொசுவுக்குக்கூடத் தெரியும்.”

குரங்கைத் திட்டுவதா, அதற்கு நன்றி சொல்வதா என்று பெருச்சாளிக்குத் தெரியவில்லை. இரண்டையும் பாதிப் பாதி செய்துவிட்டு மரவள்ளி ஏழைத் தட்டியது. பத்தாவது உறுப்பினர், பதினோராவது உறுப்பினர் என்று இரண்டு இருவாச்சிகளையும் சேர்த்தது. இந்த முறை அழுங்கு முழுவதும் விரிந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றது. ஒவ்வொரு கட்டத்தையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தது. குரல் மெல்லியதுதான், ஆனாலும் நிறுத்தவில்லை. ஒன்பதாம் விதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொழுது சாய்வதற்குள் திருத்தம் ஏற்கப்பட்டது. பெருச்சாளி தன் பக்கத்தை மூடியது. எழுந்து போய், சந்தேகம் வந்து திரும்பி வந்து, மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தது.

ஐந்தாம் நாள் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது. மரம் பெருச்சாளியின் பெயரில் இருந்ததால் அதன் வேர்களுக்கடியில் பெருச்சாளி வளை தோண்டியது. மண் இறுகலாக இருந்தது. நல்ல வீடு என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் பொந்தின் அடைப்பை உடைத்துக்கொண்டு ஒரு குஞ்சு வெளியே வந்தது. இரண்டு வீட்டாருக்கும் ஒரே சந்தோஷம். கழுகு பார்த்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மறுநாளே கரடியின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண் இருவாச்சி அதை உரக்கப் படித்தது.

‘பெருச்சாளி குடும்பத்தின் பன்னிரண்டாவது உறுப்பினருக்கு: இளம் பெருச்சாளிகளுக்கான குழி தோண்டும் வகுப்பு திங்கட்கிழமை காலை தொடங்குகிறது. வராதவர் பெயர் வீட்டு ஆணையிலிருந்து நீக்கப்படும்.’

குஞ்சு தன் கால் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“அம்மா, நான் பறக்கக் கத்துக்கணுமா, தோண்டக் கத்துக்கணுமா?”

தாய் இருவாச்சி கடிதத்தை இன்னொரு முறை படித்தது. பிறகு, “ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பறக்கக் கத்துக்கோ. திங்கட்கிழமை கீழ்வீட்டுப் பெரியப்பா பிள்ளைங்ககூடக் கிளம்பிப் போ” என்றது.

திங்கட்கிழமை காலை ஏழு பெருச்சாளிக் குட்டிகளுக்குப் பின்னால் ஓர் இருவாச்சிக் குஞ்சும் தத்தித் தத்தி வகுப்புக்குப் போனது.

பொதுக் கணினியில் உட்காரும் முன் யாருடைய பெயர் திறந்திருக்கிறது என்று பார்க்காதவர் தன் வாழ்க்கையை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு வருகிறார்; எழும் முன் தன் பெயரை மூடாதவர் தன் வாழ்க்கையை இன்னொருவர் எழுத விட்டுவிட்டு வருகிறார்.