தவிலுக்கு ஒரு அடி

சுவிஸில் பீல் என்றொரு ஊர். அங்கே மூடிப்போன மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் நிருஜா என்ற பெண் புதுமாதிரி இசை சொல்லிக் கொடுத்தாள். பாட்டில்லை, தாளமில்லை. ஒருவர் கல்லை உரசுவார், இன்னொருவர் குழாயில் வெறும் காற்றை ஊதுவார், மிச்ச நேரம் எல்லாரும் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மாவுக்குச் சனம் டிக்கெட் எடுத்து வரும். என்ன கூத்தோ!

அவளிடம் சீடனாகச் சேர்ந்தவர் தவில்காரர் பஞ்சலிங்கம். வயதில் அவளுக்குத் தகப்பன் மாதிரி. அவள் அவரை மாமா என்பாள், அவர் அவளை ரீச்சர் என்பார்.

கோயிலில் அவரோடு சேர்ந்து வாசித்த நாதஸ்வரக்கார அண்ணன் மாசியில் கண்மூடினார். அதற்குப் பிறகு கோயிலில் வேறு நாதஸ்வரக்காரரைக் கூட்டி வந்தார்கள். பஞ்சலிங்கம் தவில் அடிக்க விரல்களில் கூடு மாட்டுவார், கை எழும்பாது. நாதஸ்வரமே இல்லாத இசையென்றால் எழும்பும் என்று நம்பித்தான் இங்கே வந்தார். பாவம், இதுவும் சரிவராவிட்டால் தவிலை விற்றுவிடுவதென்று இருந்தார்.

முதல் நாளே கேட்டார். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. இது இசைதானோ?"

"இது தொடங்கினது முதலாம் உலகப்போர் நேரம், மாமா. சூரிச்சில ஒரு தவறணை, சனம் குடிக்க வாற இடம். சண்டைக்குத் தப்பி வந்த கொஞ்சப்பேர் அங்க மேடையேறி அர்த்தமில்லாத சொல்லுகளைக் கத்திச்சினம்."

"ஏன், விசர் பிடிச்ச ஆக்களே?"

"அர்த்தமுள்ள சொல்லெல்லாம் சண்டை பிடிச்ச ஆக்களிட்டப் போயிட்டுது."

"நாங்களும் சண்டைக்குத் தப்பி வந்தனாங்கள்தானே. நாங்கள் கோயிலெல்லோ கட்டினனாங்கள்!"

நிருஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கு இருந்த குழப்பமும் கூடிப்போயிற்று.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு கடதாசி கொடுத்தாள். 'தவில்: ஒரு அடி.' அவ்வளவுதான்.

"எப்ப அடிக்கிறது?"

"அடிக்க வேணும்போல வரேக்க."

"என்ன தாளம்?"

"தாளமில்லை."

"ஆர் தொடக்கம் எடுத்துத் தருவினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"எனக்குத் தலை சுத்துது, ரீச்சர்."

"சுத்தட்டும்."

ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறைந்த சனம். கல் உரசியது. குழாயில் காற்றுப் போனது. பிறகு எல்லாம் அடங்கிற்று. பஞ்சலிங்கம் கழியை ஓங்கி, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தபடி இருந்தார். இருந்தார், இருந்துகொண்டே இருந்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை. கடைசியில் விளக்கு அணைந்தது, நிகழ்ச்சி முடிந்தது. அவர் அடிக்கவேயில்லை.

சனம் எழும்பி நின்று கை தட்டியது. அவருக்கோ மானம் போயிற்று. மேடைக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து அழுதார்.

நிருஜா வந்து பக்கத்தில் இருந்தாள்.

"உங்கட கச்சேரியைக் கெடுத்துப்போட்டன். ஒரேயொரு அடி, அதுகூட அடிக்கேல்லை."

"ஏன் அடிக்கேல்லை?"

"வலப்பக்கத்தில அண்ணன் வாசிக்க முன்னம் மூச்சு இழுக்கிறது எனக்குக் கேக்கும். அது கேட்டாத்தான் என்ர கை இறங்கும். முழு நேரமும் அதுக்குத்தான் காது குடுத்துக்கொண்டு இருந்தன்."

"கேட்டதோ?"

"இல்லைப் பிள்ளை."

அவள் அவருடைய விரற்கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எங்களுக்கும் கேக்கேல்லை, மாமா. மண்டபம் முழுக்க உங்களோட சேர்ந்து காது குடுத்துக்கொண்டுதான் இருந்தது."