எந்த முனை போடட்டும், சடையாண்டி?

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

துப்பாக்கியும் காட்டிலாகாவும் மலையடிவாரத்தை எட்டிப் பார்க்காத காலம். விடிந்தால் ஊர் வேட்டை. இருளப்பாசாரி பட்டறையில் காலையிலிருந்து அம்பு முனைக்குக் கூட்டம். எல்லாரும் வாங்கிப் போனபிறகு, பொழுது சாயும் நேரத்தில் வந்து நின்றான் சடையாண்டி. பல வருஷமாக அவன் விட்ட அம்பு எந்தக் காட்டுக்கோழியையும் தொட்டதில்லை. முனையெல்லாம் காட்டோடு போச்சு. ஊர்க் கூட்டத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இந்தத் தடவை கோழி விழவில்லை என்றால் வில்லைக் கீழே வைத்துவிட்டு, தகரம் தட்டிக் கோழி கலைக்கிறவர்களோடு புதருக்குள் ஓட வேண்டியதுதான்.

ஆசாரியிடம் மிச்சம் இருந்தது உடைந்த வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவில் ஒரே ஒரு துண்டு. சடையாண்டியின் மச்சினன் ஒச்சுக்காளை துருத்தி ஊதினான். துண்டு பழுத்துச் சிவந்தது. ஆசாரி குறட்டால் பிடித்து, சுத்தியலால் தட்டுகிற பட்டடைமேல் வைத்தார்.

"எந்த முனை போடட்டும்? ஊசியா, அரசிலையா, மொட்டையா? சட்டுனு சொல்லு."

இத்தனை வருஷமும் சடையாண்டி பழி போட்டது முனைமேல்தான். இன்றைக்குத் தானே வாய்விட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால் நாளைக்கு யார்மேல் போடுவது?

"ஊசி முனை மட்டும் வேண்டாம் ஆசாரி. ஒருக்க அதைப் போட்டுத்தான் கெட்டேன். சேவல் நெஞ்சுல புகுந்து முதுகு வழியா வெளிய போயிருச்சு. அதுக்குத் தெரியவே இல்ல! அதுபாட்டுக்கு மேயுது. ஓடையில எறங்கித் தண்ணி குடிக்குது. குடிச்ச தண்ணி முன்னயும் பின்னயும் ஒழுகுது. அப்பத்தான் குனிஞ்சு பாத்துச்சு."

"பாத்துட்டு?" என்றான் ஒச்சுக்காளை.

"வெக்கப்பட்டுப் பறந்துருச்சு மாப்ள."

துண்டு கறுத்துப்போயிருந்தது. ஆசாரி மறுபடி உலைக்குள் தள்ளினார். "இரும்பு காயக் காயப் பொரிஞ்சு உதிரும்ப்பா. அளந்து பேசு."

மறுபடி சிவந்தது. "அப்ப அரசிலையா அகலமாத் தட்டிரவா?"

"அகலமா! அதுல பட்ட பாடு ஒமக்குத் தெரியாது. விட்டேன் பாருங்க, சேவல் தலை சீவுனாப்புல தனியா விழுந்துச்சு. முண்டம் எந்திரிச்சு மலைக்கு ஓடிருச்சு. விடியக்காலம் தலை இங்கன கெடந்து 'கொக்கர'ங்குது, முண்டம் மலை உச்சியில நின்னு 'கோ'ங்குது. பாதிக் கூவல் இங்க, பாதி அங்க. கீழத்தெருவுக்கு மொதல்ல விடிஞ்சு, மேலத்தெருவுக்குக் கஞ்சி குடிக்கிற நேரத்துலதான் விடிஞ்சுச்சு!"

"மேலத்தெருவுலதான் மச்சான் எங்க வீடு. ஒழுங்காத்தான விடிஞ்சுச்சு?"

"நீ என்னைக்கு விடியறப்ப முழிச்சிருந்த?"

பட்டடையைச் சுற்றிச் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது. ஆசாரி துண்டை மூன்றாம் முறை உலையில் வைத்து எடுத்தார். விரல் பருமன்தான் இருந்தது.

"மொட்டை முனையாவது போடட்டுமா? மண்டையில பட்டு மயங்கி விழும்."

"மயங்கத்தான் செய்யும்! ஆனா எந்திரிச்சதும் தான் காட்டுக்கோழிங்கிறதே அதுக்கு மறந்துபோயிரும். நான் அடிச்ச சேவலு என்னைய முந்தி வீட்டுக்குப் போயி, கூடைக்குள்ள தானே ஏறிப் படுத்துக்கிருச்சு. அது மட்டுமா? சாயங்காலம் மலையில இருக்கிற அதோட சொந்தமெல்லாம் வந்து வாசல்ல நிக்குது. பின்னாடியே அதுகளத் தின்ன வந்த நரி. நரிக்குப் பின்னாடி சிறுத்தை. எல்லாத்துக்கும் ஒங்க அக்காதான் குருணை போட்டா!"

"எங்கக்கா ஒரு வார்த்தை சொல்லலையே மச்சான்?"

"சிறுத்தை முன்னாடி வாயத் தொறக்கப் பயந்தவ, இன்னம் தொறக்கல."

"அக்காவா? காலைலகூட ஒங்கள ஏசுன ஏச்சு எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு!"

துண்டு இன்னும் ஒரு தடவை உலைக்குப் போய் வந்ததில், பட்டடைமேல் இப்போது கிடந்தது ஈர்க்குச்சி அளவுக்கு ஒரு கம்பி. சடையாண்டி அதைப் பார்த்தான். ஆனாலும் வாய் நிற்குமா?

"இதுவே போதும் ஆசாரி! ஒருக்க இதவிட மெலிசா, கொசுவோட கொடுக்குல முனை செஞ்சு விட்டேன். ஒரே அம்பு. மலையில இருந்த கோழி, மயிலு, கவுதாரி எல்லாம் ஒண்ணாக் கோத்துக்கிட்டு மாலையா வந்து என் கழுத்துல விழுந்துச்சு!"

ஒச்சுக்காளை துருத்தியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆசாரி சிரிக்கவில்லை. கம்பியை மடக்கினார், நுனி இரண்டையும் சுத்தியலால் தட்டிச் சேர்த்தார், தண்ணீரில் முக்கி எடுத்துச் சடையாண்டி கையில் கொடுத்தார்.

"முள்வாங்கி. நாளைக்குப் புதருக்குள்ள ஓடப்போறவனுக்கு, கால்ல ஏறுற முள்ளப் புடுங்க இதுதான் ஆகும்."