வேலியைத் தள்ளினது யாரு

ஒரு தீவுல ஒரு பூவாத்தா இருந்தா. ம் சொல்லிட்டே வரணும், தெரிஞ்சுதா? கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராங்கிற பெரிய தீவு. அங்க பொழைக்கப் போன நம்ம ஜனங்க மலைச்சரிவுல தோட்டம் போட்டிருந்தாங்க. பூவாத்தா தோட்டத்துக்கும் பக்கத்து நாகரத்தினம் தோட்டத்துக்கும் நடுவுல, கீழேருந்து மேல வரைக்கும் ஒரு வேலி. கயிறு புடிச்சு நேரா நட்டது.

அப்புறம் நாலு வருஷம் போச்சு. ஒருநாள் பாக்கறா, வேலியோட மேல்பாதி மட்டும் நாலு விரல் இவ பக்கம் தள்ளி நிக்குது!

"அக்கா, வேலியைத் தள்ளி நட்டியா?"

"நான் எதுக்குடி தொடப்போறேன்?"

பூவாத்தா நம்பல. மேல்பாதியைப் புடுங்கி, டொக்கு டொக்குன்னு அடிச்சு நேரா நட்டா. இன்னொரு நாலு வருஷம். மறுபடி நாலு விரல்! அப்போ வரிசையா கல்லு நட்டா. ஒவ்வொண்ணும் நாலு பேர் தூக்கின கல்லு. அதுவும் மெல்ல மெல்ல நகந்துது. கடைசியா சுண்ணாம்பு குழைச்சு செவுரே எழுப்பினா. அது நடுவுல படக்குன்னு பிளந்து, மேல்பாதி இந்தப் பக்கம் வந்துது.

அதோட பேச்சு நின்னுபோச்சு. நாகரத்தினம் மக கல்யாணத்துக்குக்கூட இவ போகல. வீட்டுக்குள்ளயே உக்காந்து மேளச் சத்தத்தைக் கேட்டா. ஒரு வாய் சோறு எறங்கல. ம்... கேக்கறியா?

அப்புறம் ஒருநாள் காலைல அடுப்படியைப் பெருக்கறா. தரையில ஒரு விரிசல். எத்தனை தடவை பூசினாலும் விரியற விரிசல். இன்னிக்குதான் அதைப் புடிச்சுக்கிட்டே வெளியில நடந்தா. அதே நேருல செவுரு பிளந்திருக்கு. அந்தாண்ட வாய்க்கால் வளைஞ்சிருக்கு. இன்னும் போனா, ரோடும் வளைஞ்சிருக்கு. எல்லாம் ஒரே பக்கம்!

ரோட்டையுமா நாகரத்தினம் தள்ளினா? பூவாத்தா நேரா நாகரத்தினம் வீட்டுக்கே ஓடினா.

"அக்கா, நீ இல்லக்கா. தரைதான் நகருது!"

"பன்னெண்டு வருஷமா நான் இல்லன்னுதானேடி சொல்றேன்!"

பூவாத்தா ஓன்னு அழுதா.

ஆமாம் கண்ணு, பூமியோட மேல்தோடு ஒரே துண்டு இல்ல. பெரிய பெரிய பாறைத் துண்டு. உன் நகம் வளருது பாரு, அந்த வேகத்துல நகரும். ரெண்டு முட்டிக்கிட்டா நடுவுல மலை எழும்பும். ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில புகுந்தா கடல்ல பள்ளம் விழும், எரிமலை கிளம்பும். ரெண்டும் விலகினா, அடியிலேருந்து நெருப்புக் குழம்பு வந்து புதுத் தரையாகும். பூவாத்தா தோட்டத்துக்கு அடியில ரெண்டு துண்டு பக்கவாட்டுல கரகரன்னு ஒரசிக்கிட்டுப் போச்சு.

அப்போ நாகரத்தினம் சொன்னா, "உன் அடுப்படி அந்த விரிசல் கோட்டு மேலயே இருக்கேடி. என்னிக்காவது கிடுகிடுன்னு குலுங்கினா? கீழ வந்துடு."

ரெண்டு பேருமா பழசை இடிச்சுட்டு, சரிவுக்குக் கீழ பலகையில ஒரு அடுப்படி கட்டினாங்க. அன்னிலேருந்து ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. காலைல யாரு மொதல்ல எழுந்துக்கறாங்களோ அவங்கதான் காப்பி போடணும். பாதி நாள் பூவாத்தா தூங்கற மாதிரியே நடிப்பா!

சிரிச்சது போதும். பூமி நகந்துட்டுப் போகட்டும், நீ அசையாம படு. கதையும் படுத்துடுச்சு, கண்ணை மூடு.