தூக்கணாங்குருவி ஏன் கூட்டைப் பாதியில் நிறுத்துகிறது

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு வரும். தூக்கணாங்குருவிகள் ஓயாமல் பேசும். வெயிலைப் பற்றி, நெல்லைப் பற்றி, பக்கத்து மட்டைக்காரியைப் பற்றி, எல்லாம் பேசும். கூட்டின் உட்புறத்தைப் பற்றி மட்டும் பேசாது. ஆண் குருவி கூட்டை முழுதாகக் கட்டி மூடிய பிறகுதான் பெண்ணைக் கூப்பிடும். அவள் உள்ளே போய் இருட்டில் முட்டையிடுவாள். கட்டும்போது எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்றொரு வழக்கம். யாருக்கு மரியாதை என்று ஒருத்தியும் அதுவரை கேட்டதில்லை.

வயல் நடுவே ஒரு கிணறு, அதன்மேல் சாய்ந்த ஒரு பனை. அதில்தான் இந்தக் குருவிகள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் ஏரித் தீவிலிருந்து ஒரு கூழைக்கடா வந்து கிணற்று மேட்டில் இறங்கியது. பெரிய உடம்பு, அலகுக்குக் கீழே பெரிய பை. களைப்பாற இடம் கேட்டது, குருவிகள் கொடுத்தன. மறுநாள் ஊர்ப் புல்லைப் புகழ ஆரம்பித்தது.

"இவ்வளவு நல்ல கோரையை வச்சுக்கிட்டு நீங்களே ஏன் பின்னிச் சாகணும்? நார் கிழிச்சு எங்கிட்ட குடுங்க. எங்க தீவுல பின்ன ஆள் இருக்கு. முழுக் கூடாவே கொண்டு வந்து தர்றேன்."

அலகு வலி மிச்சம் என்று ஆண் குருவிகள் சம்மதித்தன.

குருவிகள் சோம்பேறிகள், அதனால்தான் ஏமாந்தன என்று சிலர் சொல்வார்கள். தீவுக்காக அவை விடிந்தது முதல் இருட்டும் வரை நார் கிழித்ததைப் பார்த்திருந்தால் அந்த வாய் மூடியிருக்கும். கூழைக்கடா பலசாலி, குருவிகள் என்ன செய்யும் என்று இன்னும் சிலர் பரிதாபப்படுவார்கள். எந்தப் பலம்? அது ஓலை நுனியில் உட்கார்ந்தால் ஓலை முறிந்துவிடும். ஒரு புல்லை நாராகக் கிழிக்க அந்த அலகுக்கு வராது. குருவிகள் கிழித்துக் கொடுத்தால்தான் பை நிறையும். இது குருவிகளுக்குத் தெரியாது. கூழைக்கடாவுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அதன் பலம்.

கூடுகள் வந்தன. பளபளவென்று, ஒரே அளவில், அடிவரை மூடியபடி. குருவிகள் கூடி அவற்றைத் தூக்கி ஓலையில் கட்டின. பின்னாலேயே விதிகளும் வந்தன. கூட்டைப் பிரித்துப் பார்த்தால் அடுத்த ஆண்டு கூடு கிடையாது. நாரோடு நெல்லும் கொடுக்க வேண்டும். வடக்கு மட்டையில் இருப்பவர்களுக்கு மெத்தென்ற கூடு, தெற்கு மட்டைக்குச் சொரசொரப்பான கூடு. அதனால் வடக்கு தெற்கைப் பார்த்து நக்கலடித்தது. தெற்கு வடக்கோடு பேச்சை நிறுத்தியது. வரப்புக் கோரை தீர்ந்து, புல்லுக்காக அடுத்த ஊர் வரை பறக்க வேண்டியதாயிற்று. பிழைத்து வளர்ந்த சில குஞ்சுகளுக்கு முடிச்சுப் போடவே தெரியவில்லை.

பிழைத்தவை ஏன் சில மட்டும்? கூழைக்கடா அதற்கும் காரணம் வைத்திருந்தது. "உங்க பொண்ணுங்களுக்கு அடைகாக்கத் தெரியல. பாவம், நாங்கதான் கத்துக் கொடுக்கணும் போல."

தெற்கு மட்டையில் தாழை என்றொரு பெண் குருவி. முந்தைய பருவத்தில் அவள் இட்ட முட்டைகள் உருண்டு, கூட்டின் வாசல் குழல் வழியே நழுவி, கிணற்றில் விழுந்தன. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மறுபடி முட்டையிடும் காலம் நெருங்கியிருந்தது. புல் கிழிக்கப் போன இடத்தில் வடக்கு மட்டைக் குருமணியைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"தெக்கு மட்டைக்காரி வாயைத் திறந்தாலே சிரிப்புதான். கேளு."

"போன வருஷம் உங்க முட்டை..."

குருமணி அலகில் இருந்த புல்லை நழுவ விட்டாள். "யார் சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கும் விழுந்துச்சு."

"மெத்தைக் கூட்டுலயும் விழும்டி," என்றாள் குருமணி. "என் ராசிதான் அப்படின்னு இத்தனை நாள் நெனச்சிருந்தேன்."

இரண்டு பேரும் ஒவ்வொரு மட்டையாகப் போய்க் கேட்டார்கள். எல்லாப் பெண்களும் முதலில் இல்லை என்றார்கள். பிறகு ஆமாம் என்றார்கள்.

கூழைக்கடா புதுக் கூடுகளோடு இறங்கியபோது தாழை எதிரே போய் நின்றாள். "துரை, உள்ளே பார்க்கணும்."

"நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க பார்க்க மாட்டாங்களே. இது உங்க வழக்கம்மா, என்னோடது இல்ல."

தாழையின் துணை கீற்றன் பயந்துபோனான். "வேணாம் தாழை. கூடு இல்லாமப் போனா முட்டையை எங்க வைப்ப?"

"இருந்தா மட்டும் எங்க வைக்கிறேன் மச்சான்? கிணத்துலதானே?"

சொல்லிவிட்டுக் கூட்டின் வயிற்றில் அலகை விட்டுக் கிழித்தாள்.

உள்ளே வெறுமை. முட்டை அறைக்கும் வெளிக்குழலுக்கும் நடுவே உயரமாக நிற்க வேண்டிய தடுப்பு இல்லை. கூட்டிலேயே அதிக நாரும் அதிக நேரமும் அதற்குத்தான் ஆகும். வெளியே தெரியாது என்பதால் தீவில் அதை விட்டுவிட்டார்கள். மிஞ்சிய நாரெல்லாம் தீவுக்கு மெத்தையாகியிருந்தது. குருமணி தன் கூட்டையும் கிழித்துப் பார்த்தாள். வெளியேதான் மெத்து, உள்ளே அதே வெறுமை.

"கிழிச்சிட்டீங்கல்ல," என்றது கூழைக்கடா. "இனிமே கூடு கிடையாது."

"சரி," என்றாள் குருமணி. "நாரும் கிடையாது."

கூழைக்கடா வரப்பில் இறங்கித் தானே புல்லைப் பிடுங்கிப் பார்த்தது. வேரும் சேறுமாகப் பைக்குள் போயிற்று. வடக்கு மட்டையில் ஒருத்தி சிரித்தாள். தெற்கும் சேர்ந்து சிரித்தது. அன்று பறந்துபோன கூழைக்கடா திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. பனையில் நம்பி உட்கார ஒரு கூடு இல்லை. தாழைக்கோ நாள் நெருங்கிவிட்டது. கீற்றன் தப்பும் தவறுமாக முடிச்சுப் போட்டான், வளையம் பின்னினான், மேலே கூரை கவிழ்த்தான், அங்கேயே நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல வரல," என்றான். "உள்ளே எப்படின்னு மறந்துபோச்சு."

தாழை வந்து வளையத்தின் அடி நாரில் உட்கார்ந்து உலுக்கினாள். கூடு பிய்ந்து கிணற்றில் விழுந்தது. கீற்றன் முணுமுணுத்தான். "கட்டும்போது பார்க்கிறது மரியாதை இல்லன்னு சொல்வாங்க."

"உன் மரியாதையைப் பார்த்து முட்டை உருளாம இருக்குமா? இன்னொண்ணு கட்டு."

இரண்டாவது கூடு உலுக்கலைத் தாங்கியது. அவள் அடி நாரை விட்டு இறங்கவில்லை. "நான் உட்கார்ந்திருக்கேன்ல, இதுதான் தடுப்பு. என் நெஞ்சு உயரத்துக்கு ஏத்து. அந்தப் பக்கம் அறை, இந்தப் பக்கம் குழல். இப்ப மூடு."

மூடினான். தாழை முட்டையிட்ட பிறகு ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் பனையே வளைந்தது. முட்டைகள் அறையிலேயே இருந்தன. பிறகு அங்கிருந்து குஞ்சுகளின் சத்தம் கேட்டது. அடுத்த மட்டைகளில் ஆண்கள் ஏற்கெனவே நார் கிழித்துக்கொண்டிருந்தார்கள், தங்களுக்காக.

அந்தப் பருவத்திலிருந்துதான் தூக்கணாங்குருவி ஆண் கூட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடுகிறது. பெண் வந்து உட்கார்ந்து, நாரை இழுத்துப் பார்த்து, சரி என்றால்தான் மீதியைக் கட்டுகிறது. பனைகளில் பாதியோடு தொங்கும் கூடுகள் எல்லாம் ஒருத்தி வந்து பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவை.